சாம்பலோடு நிறுத்திய படம்

பின்னேரத் தேயிலைக் கொழுந்தை நிறுத்து முடிந்து, சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு லொறிப் பக்கம் நடந்த சிவஞானம், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கும் லொறிக்கும் நடுவில் இல்லாமல் போனான். சாக்கு மட்டும் தரையில் விழுந்து, வாய் அவிழ்ந்து, பச்சைக் கொழுந்து சேற்றில் கொட்டியது. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் ஆள் காணாமல் போவது புதிதல்ல. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறவர்கள் சொல்லிக்கொண்டா போகிறார்கள்? ஆனால் தோளில் சாக்கோடு, கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது போனவன் கீழ்ப்பிரிவுச் சிவஞானம் ஒருவன்தான். கணக்கப்பிள்ளை முதலில் கொழுந்தைப் பொறுக்கச் சொன்னார். ஆளைப் பிறகு தேடலாம், கொழுந்தில் மண் ஒட்டினால் ஃபெக்டரியில் எடுக்கமாட்டார்கள் என்பது அவருடைய நியாயம். அதே நேரத்தில் கொழும்பில் ஒரு மண்டபத்தில், சிவஞானத்தின் தம்பி ஜெயகுமார் எடுத்த முதல் படம் ஓடி முடிந்து விளக்குப் போட்டார்கள். சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டுக்கும் தொடுப்பு உண்டென்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

ஜெயகுமாருக்குக் கமரா கிடைத்தது பதுளையில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஸ்டூடியோ வைத்திருந்த றஹீம் நானாவிடம். கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கப் போய் அவன் வாங்கிய ஏச்சுக்கு அளவில்லை. தாலி கட்டும் நேரத்தில் அவனுடைய கமரா சமையல் கொட்டிலில் சோற்றுக் கிடாரத்தின் ஆவியைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை மாலை மாற்றும்போது பந்தலுக்கு வெளியே கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். "தாலியெ எடுக்கச் சொன்னா நீ செருப்ப எடுத்துக்கிட்டு வாறியே தம்பி, நான் பொண்ணூட்டுக்கு என்னத்தக் காட்டுற?" என்று றஹீம் நானா தலையில் கை வைப்பார். ஆனாலும் அவனை நிறுத்தவில்லை. அந்தச் செருப்புப் படங்களை அவரே கடையைப் பூட்டிய பிறகு இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்தார் என்றொரு பேச்சு உண்டு. புதுக் கமரா வந்ததும் பழைய கெசட் கமராவை அவனுக்கே கொடுத்துவிட்டார். ஊரில் கல்லையும் புல்லையும் எடுக்கிற பைத்தியம் என்று பேரெடுத்தவனைக் கொழும்பில் பரிசோதனைப் படக்காரர் என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது கீழ்ப்பிரிவின் அபிப்பிராயம்.

முதல் படத்தை அவன் காமன் கூத்தில் எடுத்தான். மாசி பிறந்தால் கீழ்ப்பிரிவில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டி, தப்படித்து, வரிசை வீட்டு லயம் லயமாக ரதியும் மன்மதனும் ஆடி வருவார்கள். கடைசியில் சிவனுடைய தவத்தைக் கலைத்த மன்மதன் கம்பத்தடியில் எரிந்து விழுவான், ரதி ஒப்பாரி வைப்பாள். மூன்றாம் நாள் அவனைப் பாலும் மஞ்சள் தண்ணீரும் தெளித்து எழுப்பிவிட்டுத்தான் காப்பை அவிழ்ப்பார்கள். அந்த வருசம் மன்மதன் வேசம் கட்டியவன் சிவஞானம். ரோஸ் நிற உடுப்பும் கிரீடமும் போட்டால் சாக்குத் தூக்குகிறவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஜெயகுமார் எல்லாவற்றையும் எடுத்தான், மூன்றாம் நாளையும் எடுத்தான். பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து வெட்டி ஒட்டும்போது சாம்பலோடு படத்தை நிறுத்தினான். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், அதற்கு மேல் போனால் சாதாரணக் கூத்து வீடியோ ஆகிவிடும் என்று நினைத்தான். அவன் நினைத்ததில் பிழையில்லை, படம் அப்படித்தான் அழகாக இருந்தது. மூன்றாம் நாள் கெசட்டை, கைவசம் புதுக் கெசட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசறையில் ஒரு கலியாணத்துக்குப் போட்டு அழித்தான். சிவஞானம் எழுந்து உட்கார்ந்த இடத்தில் இப்போது ஒரு மணப்பெண் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கூத்து வாத்தியார் வீரய்யா அப்போதே கேட்டார். "எரிச்சா எழுப்பணும் தம்பி. பாதில விட்டுட்டுப் போற சாமி இல்ல இது."

"அதான் கூத்துல எழுப்பியாச்சே மாமா. படத்துல வேற எதுக்கு?" என்றான் ஜெயகுமார்.

கொழும்பில் கைதட்டு வாங்கிக்கொண்டு அவன் லயத்துக்கு வந்தபோது அண்ணி தனுஜா அழுது முடித்து, பொலிசுக்குப் போய் வந்து, அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஜெயகுமாருக்கு என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் கை தானாகக் கமராவைத் திறக்கும். திறந்து, மூடியில் படம் தெரிகிற சின்னக் கண்ணாடியில் பார்த்தால், அடுப்புக்குப் பக்கத்தில் தான் வழக்கமாக உட்காரும் இடத்தில் சிவஞானம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்கினால் அங்கே சுவர்தான் இருந்தது. ஹெட்போனை மாட்டியதும் குரல் வந்தது. "டேய், நாலு நாளா கத்துறேன். ஏன்டா ஒருத்தரும் பேச மாட்டேங்கிறீங்க?" தனுஜா கமராவைப் பிடுங்கிப் பார்த்தாள். ஒரு பாட்டம் அழுதாள், பிறகு நாலு நாளாகக் குளிக்காமல் இருப்பதற்காகப் புருசனைத் திட்டினாள். றஹீம் நானாவின் புதுக் கமராவிலோ பிள்ளைகளின் போன்களிலோ அவன் விழவில்லை. எரிந்ததை எடுத்த அந்தப் பழைய கமராவுக்கு மட்டும்தான் அவன் தெரிந்தான்.

கீழ்ப்பிரிவு இதற்கும் பழகிக்கொண்டது. அவனுக்கு வைத்த சோறு தட்டில் அப்படியே இருக்கும், ஆனால் கண்ணாடியில் பார்த்தால் அவன் பிசைந்து சாப்பிடுவான். பிறகு அந்தச் சோற்றைப் படையல் சோறு மாதிரி எடுத்துச் சாப்பிட்டால் உப்பு உறைப்பு ஒன்றும் இருக்காது. அவன் தோளில் எதுவும் நிற்காததால் சாக்குத் தூக்க முடியவில்லை. ஆனாலும் தினமும் விடிய எழுந்து, வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக்குப் போய் வரிசையில் தன் இடத்தில் நின்றான். அந்த இடத்தை யாரும் அடைக்கவில்லை. கணக்கப்பிள்ளை கொஞ்ச நாள் பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார், ஆள் இருக்கிறான் என்று ஜெயகுமார் கமராவைக் காட்டியும், "பொட்டிக்குள்ள இருக்கவனுக்கு நான் எப்படிப்பா பேரு போடுறது?" என்று கேட்டு, ஒரு மாத முடிவில் பேரை வெட்டிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, தோட்டத்துத் துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

வழி சொன்னவர் வீரய்யாதான். வரும் மாசியில் அதே கம்பத்தடியில் சிவஞானத்தைப் படுக்கவைத்து, அதே கமரா பார்க்க எழுப்பி, அதைப் படத்தின் கடைசியில் ஒட்டிவிட்டால் ஆள் வந்துவிடுவான் என்றார். "ஆனா ஒண்ணு தம்பி. இங்க வந்துட்டான்னா அங்க இருக்க மாட்டான். ஒரு ஆளு ரெண்டு எடத்துல இருக்க முடியுமா? நீ புடிச்ச படம் எதுலயும் அவன் மிஞ்ச மாட்டான்." ஜெயகுமார் உடனே சரியென்றான். அப்போது அவன் கையில் இருந்தது ஒரே ஒரு படம், அதை விட்டுவிடலாம் என்று மனதார நினைத்தான்.

மாசி வருவதற்குள் இரண்டாவது படம் வந்துவிட்டது. அண்ணன் சோறு சாப்பிடுவதை ஒரே மூச்சாக எடுத்திருந்தான், வேறு ஒன்றும் இல்லை. அது ஜேர்மனியில் ஒரு விழாவுக்குத் தெரிவாகி, காட்டும் திகதி சித்திரையில் விழுந்தது. "இந்த ஒரு வருசம் பொறுத்துக்கண்ணே" என்றான். கண்ணாடிக்குள் சிவஞானம் தலையை ஆட்டினான், தம்பிக்கு நல்லது நடக்கிறதென்று உண்மையிலேயே சந்தோசப்பட்டான். அடுத்த மாசிக்குக் கொரியா. அதற்கடுத்த மாசிக்கு ஒரு படம் பாதியில் நின்றது. பேர் போடாத பெரட்டில் நிற்கிற படம், பனியில் துண்டைப் போர்த்திக்கொண்டு நமுனுகுல மலையைப் பார்க்கிற படம், தூங்குகிற தனுஜாவின் கையைத் தொடப் போய் முடியாமல் கையை எடுத்துக்கொள்கிற படம் என்று வருசத்துக்கு ஒன்றாக வந்தது. வெளிநாட்டு மண்டபங்களில் இந்த நடிகர் யார், இவ்வளவு தனிமையை முகத்தில் எப்படிக் கொண்டுவருகிறார் என்று கேட்டார்கள். அண்ணன் என்றான் ஜெயகுமார். ஏன் அழைத்து வரவில்லை என்றதற்கு, அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்றான். மண்டபம் சிரித்தது.

போகிற இடமெல்லாம் கமராவையும் கொண்டுபோனான். புருசனைப் பார்க்க இருந்த ஒரே வழியைத் தூக்கிக்கொண்டு போகிறானே என்று தனுஜா வாசலில் நின்று பார்ப்பாள். கமராவைத் தனியே விட்டுப்போனால் பழுதாகிவிடும் என்று அவன் காரணம் சொன்னான். உண்மையில் தனியே இருக்க முடியாதவன் அவன்தான். ஹோட்டல் அறைகளில் கமராவைத் திறந்து ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பான். வெள்ளை விரித்த கட்டிலும் தொங்குகிற திரையும் தெரியும், சிவஞானம் மடுல்சீமையில் இருந்தான். ஊருக்குத் திரும்பினால் அதைவிட மோசம். கமராவைக் கண்டதும் தாய்மார் பிள்ளைகளின் முகத்தை முந்தானையால் மூடினார்கள். பசறை பஸ்ஸில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போகும்போதும் அவனுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. கலியாணத்துக்கோ சாவுக்கோ யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவனோடு பேச உலகத்தில் மிஞ்சிய ஆள் கண்ணாடிக்குள் இருந்தவன் ஒருவன்தான், அவனை வெளியே விட்டுவிட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம் படத்தின் மேலிருந்த ஆசையைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல ஆள் இல்லை.

ஒவ்வொரு தை கடைசியிலும் சிவஞானம் ஹெட்போனில் கேட்பான்: "இந்த மாசியாடா?" அடுத்த மாசிண்ணே என்பான் தம்பி. சில வருசங்களுக்குப் பிறகு அண்ணன் கேட்பதை நிறுத்தினான். இன்னும் கொஞ்ச காலத்தில் பேசுவதையே நிறுத்தினான். பேசாமல் கமராவையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தை ஜெயகுமார் முக்கால் மணி நேரம் எடுத்தான், அதற்குத்தான் பெரிய பரிசு கிடைத்தது. பரிசோடு வந்து கமராவைத் திறந்தால், சிவஞானம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பினான். அதற்குப் பிறகு கமராவுக்கு அவன் முதுகும், நரைத்துக்கொண்டு வரும் பின்தலையும் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

நாட்டில் எண்ணெயும் காசும் இல்லாமல் போய், நாள் முழுக்கக் கரண்டை வெட்டிய வருசம் அது. கமராவின் பற்றரியை ஏற்ற வழியில்லை. தனுஜா வாரக்கணக்கில் புருசனைப் பார்க்கவில்லை. கரண்ட் வந்த ஒரு பின்னேரம் ஜெயகுமார் பற்றரியை ஏற்றிக் கமராவைக் கொண்டுபோய் நீட்டினான். அவள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்தாள், ஆனால் வாங்கவில்லை.

"வேணாம் தம்பி."

"முதுகுதான் தெரியுது அண்ணி. நீங்க கூப்பிட்டா திரும்புவாரு."

"நான் சோறு வைக்கிறேன், அவரு அங்கன இருக்காருன்னு எனக்குத் தெரியும். பொட்டிக்குள்ள பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு. நீங்களே வச்சிக்கங்க. இத்தன வருசமா நீங்கதானே வச்சிருக்கீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பான். அந்த மாதமே, அவனுடைய படங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு வாரம் காட்டப்போவதாக வெளிநாட்டு விழா ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு படக்காரனுக்கு உயிரோடு இருக்கும்போது கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை அதுதான் என்று றஹீம் நானா போனில் அழுதார். திகதி வைகாசியில் இருந்தது. ஜெயகுமார் போனை வைத்துவிட்டு, கமராவைத் திறந்து, அந்த முதுகைப் பார்த்து, "அண்ணே, இந்த மாசி" என்றான். முதுகு அசையவில்லை.

வீரய்யாவுக்கு அப்போது குரல் உடைந்துவிட்டது, ஆனாலும் பாட்டு மறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, கம்பத்தடியில் வெள்ளை வேட்டியை விரித்தார்கள். கீழ்ப்பிரிவு முழுக்க வந்து நின்றது. வேட்டி தட்டையாகக் கிடந்தது. ஜெயகுமார் கமராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மேட்டில், தேயிலைக்கு நடுவில், காணாமல் போன அன்று போட்டிருந்த நீலச் சட்டையோடு சிவஞானம் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தப்பு அடித்து அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. சனங்கள் ஜெயகுமாரின் வாயைப் பார்த்தார்கள், அவனுக்கு மட்டும்தானே தெரியும். தனுஜா முன்னால் வந்து, கமரா நீண்ட திசையைப் பார்த்து, "எந்திரிச்சு வாங்க. எவ்வளவு நேரந்தான் எல்லாரும் நிக்கிறது?" என்றாள். மேட்டில் இருந்தவன் எழுந்து சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினான்.

"வாறாரு," என்றான் ஜெயகுமார். "வந்துட்டாரு. படுத்துட்டாரு. ஊத்துங்க மாமா."

பாலும் மஞ்சள் தண்ணீரும் வேட்டியில் விழ, வேட்டி மேலெழுந்து ஆள் வடிவானது. சிவஞானம் துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்தான். தலை பாதி நரைத்திருந்தது. கூட்டத்தைப் பார்த்து, "என் பேரு போட்டாங்களா?" என்று கேட்டான். பழைய கணக்கப்பிள்ளை ஓய்வில் போய், இப்போது இருந்தவர் நேற்றுப் படித்து முடித்த பிள்ளை. அவர் பேர்ப்புத்தகத்தைத் திறக்காமலே, "போட்டாச்சுண்ணே" என்றார். தனுஜா அவன் கையைப் பிடித்தாள், கை பிடிபட்டது. எல்லாரும் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். ஜெயகுமார் கண்ணாடியில் பார்த்தபோது அங்கே கூட்டம் ஒரு வெறும் இடத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது, தனுஜா காற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காப்பு அவிழ்த்து முடியும்வரை ஒரு நொடியும் விடாமல் எடுத்தான்.

அதைக் கொண்டுபோய் முதல் படத்தின் சாம்பலுக்குப் பின்னால் ஒட்டினான். அன்றைக்கே எந்த நாட்டில் எந்தப் பெட்டியில் இருந்த பிரதியானாலும் சிவஞானம் அதிலிருந்து போய்விட்டான். விழாக்காரர்கள் பதறிப்போய், பிரதிகள் பழுதாகிவிட்டனவா என்று கேட்டார்கள். இதுதான் சரியான பிரதி என்று ஜெயகுமார் பதில் அனுப்பினான். அவர்கள் அப்படியே காட்டினார்கள்: ஆவி பறக்கிற சோற்றுத் தட்டு, புகைகிற அடுப்பு, யாரும் அடைக்காத ஒரு இடைவெளியோடு நிற்கிற பெரட்டு வரிசை. பாதிப் பேர் எழுந்து போனார்கள், மீதிப் பேர் அழுதார்கள் என்று கேள்வி. அவன் போகவில்லை. பதுளையில் றஹீம் நானாவின் மகன் பர்ஹானிடம் மறுபடி கலியாண வேலைக்குச் சேர்ந்தான், இப்போதெல்லாம் தாலி கட்டுவதைச் சரியாக எடுக்கிறான். சிவஞானம் எந்தப் படத்திலும் விழுவதில்லை. அடையாள அட்டைக்கு ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்து, கடைசியில் படமில்லாத அட்டையோடு நடமாடுகிறான். சோதனைச் சாவடியில் கேட்டால் பஸ்ஸில் இருக்கிற எல்லாரும் ஒரே குரலில் சாட்சி சொல்கிறார்கள்.

தம்பியோடு மட்டும் அவன் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. வழியில் கண்டால் ஒதுங்கி இடம் விடுவான். பேச வேண்டியதையெல்லாம் அந்த வருசங்களில் அவன் ஒருவனிடமே பேசித் தீர்த்துவிட்டான் போலிருக்கிறது. ஜெயகுமார் லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியே சமைத்துச் சாப்பிட்டான். சில நாட்களில் தன் படங்களைத் தானே போட்டுப் பார்த்தான். அந்த வெறும் இடங்களில் அண்ணன் எங்கே இருந்தான், எப்போது கையை அசைத்தான் என்று தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று நினைத்துக்கொண்டான்.

போன மாசியில், காப்பு அவிழ்த்த அன்று பின்னேரம், கீழ்ப்பிரிவுப் பிள்ளைகள் படம் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். அத்தனை தேசம் போன படங்களைத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. மடுவத்துச் சுவரில் வேட்டியைக் கட்டி, பர்ஹானிடம் இரவல் வாங்கிய படம் காட்டும் இயந்திரத்தைப் போட்டான் ஜெயகுமார். இருட்டி வந்த மடுவத்துக்குள் சனங்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆளில்லாத படம் என்று யாரும் குறைப்படவில்லை. நம்ம அடுப்பு, நம்ம வாசல், அந்தா செத்துப்போன நாய் என்று கைகாட்டிச் சிரித்தார்கள். சோற்றுத் தட்டுப் படம் வந்தபோது பின்னாலிருந்து சிவஞானம் எழுந்தான். ஒரு கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து, வேட்டிக்கு நேர் முன்னால் அதைக் கவிழ்த்துப் போட்டு, வெளிச்சத்துக்குள் உட்கார்ந்தான். அவனுடைய நிழல் படத்தின் நடுவில் விழுந்தது.

"அண்ணே, தள்ளி உக்காருங்க, மறைக்குது!" என்று ஒருத்தி கத்தினாள்.

"மறைக்கட்டும், விடுங்க," என்றான் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்த ஜெயகுமார்.

சிவஞானம் திரும்பிப் பார்க்கவில்லை. கூடையை இடது பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினான், இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். நிழல் அடுப்புக்குப் பக்கத்தில், தட்டுக்கு முன்னால் போய் நின்றதும் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"இங்கதான்டா உக்காந்திருந்தேன்," என்றான்.

"ஆமாண்ணே," என்றான் தம்பி. படம் மேலே ஓடியது.